எல்லைக்குள் ஒரு தீவு

அந்தமானுக்கு மூன்று டிக்கெட் போட்டது தை மாதம்.
மாமரம் முழுக்கப் பூ.
முனிரத்தினம் பூவை எண்ணித்தான் போட்டார்,
பணத்தை எண்ணி அல்ல.

சித்திரையில் ஒரே ஒரு சாயங்காலம்
ஆலங்கட்டி.
உதிர்ந்தது போக மிஞ்சிய பெங்களூராவுக்குக்
கூழ் ஆலைக்காரர்கள் சொன்ன விலை
பறிகூலிக்கே காணாது.
டிக்கெட்டை ரத்து செய்ததில் திரும்பி வந்தது
ஒரு மூட்டை உரத்தின் விலை.

தன்விகா மட்டும் ரத்தாகவில்லை.
வாங்கி வைத்த நீச்சல் கண்ணாடியை
நெற்றியில் ஏற்றிக்கொண்டே இட்லி தின்றாள்.
மாரியம்மன் கோவிலில்
கூழுக்கு நிற்கும் வரிசையிலும்
அதோடுதான் நின்றாள்.

ஊரில் காப்பு கட்டியாகிவிட்டது வேறு.
எட்டு நாளைக்கு எல்லை தாண்டி
ராத்தங்கக் கூடாது.
"எப்படியும் போயிருக்க முடியாது, விடு"
என்றாள் எதிர்வீட்டு சின்னபாப்பா,
ஆறுதலா குத்தலா தெரியவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் முனிரத்தினம்
"தீவுக்குக் கிளம்புங்க" என்றார்.

கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் வற்றி
நடுவில் ஒரு மேடு முதுகு காட்டியிருந்தது.
பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன்,
ஒரு பொருட்டாக அல்ல.
"அது எல்லைக்கு அந்தப் பக்கம்" என்றேன்.
பீரோவிலிருந்து பழைய பட்டாவின் நகலை எடுத்துக்கொண்டு
நேரே பூசாரியிடம் போனார்.
"அணைக்கு எடுத்த நிலம் இது.
தண்ணி ஏறினா ஊர் எல்லை நகந்துடுமா?"
பூசாரி வெற்றிலையைக் கன்னம் மாற்றினார்.
"அம்மனுக்கு நீச்சல் தெரியுமான்னு எனக்குத் தெரியாது.
இருட்டறதுக்குள்ள வந்துடுங்க."

மாதையனின் பரிசலில் மீன் செதில் மினுங்கியது.
முந்நூறு ரூபாய்.
பாப்பாவுக்காக ஒருமுறை சுற்றிக் காட்டினான்,
மலை, பாலம், வானம், மறுபடி மலை.

தீவென்றால்
நாற்பத்திரண்டு எட்டு நீளம்,
நடந்து பார்த்துவிட்டேன்.
தென்னை கிடையாது, வேலிகாத்தான் இரண்டு.
வெண்மணல் கிடையாது, வெடித்த வண்டல்,
மிதித்தால் வறுக்கி போல் நொறுங்கும்.
நத்தை ஓடுகள். அறுந்த வலை.
ஒற்றைச் செருப்பு.
சிறகை விரித்துக் காயவைத்திருந்த நீர்க்காகம்
அனுமதிச் சீட்டு எங்கே என்பதுபோல் பார்த்தது.

கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு
முழங்கால் தண்ணீரில் முகம் வைத்தாள் தன்விகா.
"என்ன தெரியுது?"
"பச்சை."
மூச்சு வாங்கிவிட்டு மறுபடி.
"இன்னும் பச்சை."
மூன்றாவது முறை கத்தினாள்,
"அப்பா கால்!"

பையில் செந்தூரா நாலு இருந்தது.
ஆலங்கட்டி விழுந்த நாளிலிருந்து
மாம்பழத்தைத் தொடாத மனிதர்
முழங்கை வரை சாறு ஒழுகத் தின்றார்.
நான் பார்க்காத மாதிரி
உப்பு மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தை நகர்த்தி வைத்தேன்.
கொட்டையைத் தூர எறிந்தார்.
பிறகு எழுந்து போய் எடுத்து வந்து
குதிகாலால் குழி பறித்துப் புதைத்தார்.
"ஆடியில தண்ணி வந்தா மூழ்கிடுமே?"
"மூழ்கட்டும்.
இதுக்காவது யாரும் விலை பேச மாட்டாங்க."

வெயில் சாய்ந்தும் மாதையனைக் காணோம்.
போனில் சிக்னல் இல்லை.
தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வந்தது பம்பைச் சத்தம்.
பூசாரி சொன்ன நேரம்
எங்கள் காலடியில் கருத்துக்கொண்டே வந்தது.

அப்போது கரையில் சீரியல் லைட் போட்டார்கள்.
முப்பதடி உயரத்தில் அம்மன்,
புடவை பச்சையாகி, சிவப்பாகி, பச்சையாகி.
பக்கத்தில் ஒரு சின்ன ராட்டினம்.
எல்லாமே இன்னொரு தரம்
தலைகீழாகத் தண்ணீருக்குள்.

தன்விகா எழுந்து நின்றாள்.
கண்ணாடியை மெல்ல நெற்றிக்கு ஏற்றினாள்.
"அம்மா, அந்த ஊருக்கு எப்பப் போறோம்?"

எனக்கும் ஒரு நிமிஷம்
அது எந்த ஊரென்று தெரியத்தான் இல்லை.

துடுப்புச் சத்தம் கேட்டது.
பரிசலைக் கரை தட்ட விடாமல்
நாலடி தள்ளியே நிறுத்தினான் மாதையன்.
"முந்நூறு இங்க வரதுக்குத்தான்.
அங்க போறதுக்குத் தனி."
"நம்ம ஊருக்காடா?"
"திருவிழா சீசன்க்கா" என்றான்.